மச்சானின் ஒய் வேறு, பங்காளியின் ஒய் வேறு

குடியாத்தம் தாலுகா கிராமம் ஒன்றிலிருந்து 52 வயது வாசகர் ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அவர் கேட்டுக்கொண்டபடி பெயரையும் ஊரையும் விட்டுவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

அவருடைய கொள்ளுத்தாத்தாவுக்கு ஒரு தம்பி. சின்ன வயதில் கோபித்துக்கொண்டு மதராசுக்குப் போனவர், கப்பலேறித் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரும்புத் தோட்டத்துக்குப் போய்விட்டார் என்று வீட்டில் சொல்வார்கள். போன வருடம் டர்பனிலிருந்து ஒரு பெண்மணி தொடர்புகொண்டிருக்கிறார். தன் அம்மாவின் தாத்தா 1898-இல் வந்தவர் என்று சொல்லி, கப்பல் பட்டியலின் நகலையும் அனுப்பியிருக்கிறார். பெயர், தகப்பன் பெயர், வயது 21, ஜில்லா வட ஆற்காடு, தாலுகா குடியாத்தம் எல்லாம் ஒத்துப்போகின்றன. ஊர்ப் பெயரின் எழுத்து மட்டும் சிதைந்திருக்கிறது. சாதி என்ற இடத்தில் இவர்களுடைய சாதிப் பெயர் இல்லை, வேறொன்று இருக்கிறது.

அந்த அம்மாள் ஏற்கெனவே சாதாரண வம்சாவளி டி.என்.ஏ. பரிசோதனை செய்தவர். "என் தம்பி பிக் ஒய் எடுக்கத் தயார், உங்கள் பக்கத்திலும் ஒருவர் எடுத்தால் முடிவு தெரிந்துவிடும்" என்கிறார். பிக் ஒய் என்பது ஆண்களிடம் மட்டும் உள்ள ஒய் குரோமோசோமை விரிவாகப் படிக்கும் பரிசோதனை. வாசகரின் அப்பா இல்லை. பெரியப்பாவுக்கு 84 வயது, பக்கவாதத்துக்குப் பிறகு படுக்கை. "அவர் இருக்கும்போதே பிக் ஒய் எடுத்துவிட வேண்டுமா? ரூ.35,000-க்கு மேல் ஆகும் போலிருக்கிறது, கடன் வாங்கியாவது எடுக்கலாமா?" என்பது முதல் கேள்வி. அண்ணனோ இந்தப் பரிசோதனையில் தாங்கள் படைவீட்டை ஆண்ட சம்புவராய மன்னர் வழி என்பது நிரூபணமாகும் என்று நம்புகிறார். அம்மாவுக்கு, டர்பன்காரர்கள் நிலத்தில் பங்கு கேட்டு வருவார்களோ என்ற பயம்.

அன்புள்ள வாசகருக்கு,

கடன் வாங்க வேண்டாம். பிக் ஒய் இப்போது வேண்டாம். ஆனால் பெரியப்பாவின் மாதிரியை இந்த மாதமே எடுங்கள், வேறொரு பரிசோதனைக்காக. இந்த மூன்றும் ஏன் ஒன்றுக்கொன்று முரண் இல்லை என்று விளக்குகிறேன்.

உங்கள் ஒய் யார் யாரிடம் இருக்கிறது

ஒய் குரோமோசோம் அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போகிறது. அம்மா வழியில் கலப்பதில்லை, மகளுக்குப் போவதில்லை. நம் உறவுமுறையில் இதற்கென்றே ஒரு சொல் இருக்கிறது: பங்காளி. உங்கள் ஆண் பங்காளிகள் அனைவரிடமும் ஒரே ஒய் இருக்கும். மாமன், மச்சான், மருமகன் எவரிடமும் அது இருக்காது. இதை மனதில் வைத்துக்கொண்டு டர்பன் குடும்பத்தைப் பாருங்கள்.

கப்பலேறியவரின் மகன் உங்களுக்குச் சின்னத் தாத்தா முறை. அவருடைய மகள், அதாவது உங்களுக்கு எழுதிய பெண்மணியின் அம்மா, உங்களுக்கு அத்தை. ஆக எழுதியவர் அத்தை மகள். பரிசோதனைக்குத் தயாராக நிற்கும் அவருடைய தம்பி உங்களுக்கு மச்சான். அவரிடம் இருப்பது அவருடைய அப்பாவின் ஒய். அது வேறு வீட்டு ஒய். அவரும் நீங்களும் ஆளுக்கு 400 டாலருக்கு மேல் கட்டிப் பிக் ஒய் எடுத்தால் இரண்டும் பொருந்தாது. கப்பல் பட்டியல் நூற்றுக்கு நூறு சரியாக இருந்தாலும் பொருந்தாது. "அப்படியென்றால் நாம் சொந்தமில்லை" என்ற தவறான முடிவோடு இரண்டு குடும்பமும் பிரிந்துவிடும். இந்தப் பரிசோதனையில் எளிதாக நடந்துவிடக்கூடிய பிழை இது. ஆய்வுக்கூடம் இதைத் தடுக்காது; எந்த ஆணின் கன்னத்தைச் சுரண்டி அனுப்பினாலும் முடிவு தந்துவிடும்.

உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: அந்த அம்மாளின் தாய்மாமன் ஒருவர் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கிறார், 78 வயது, இரண்டு மகன்கள். உங்களுக்கு வேண்டிய ஆள் அவர்தான். உங்களுக்குச் சித்தப்பா முறை. அவருடைய மகன்கள் உங்களுக்குப் பங்காளிகள்.

இந்தப் பக்கத்திலும் ஒரு திருத்தம். பெரியப்பாவின் ஒய்யும் உங்கள் ஒய்யும் ஒன்றேதான். இடையில் டி.என்.ஏ.யின் ஓர் எழுத்து மாறியிருக்கலாம், அவ்வளவே. ஆகவே ஒய் பரிசோதனைக்காக 84 வயதுக்காரரின் வாயைத் திறக்கச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் கன்னம் போதும், அதுவும் இன்னும் பல வருடம் காத்திருக்கும்.

அவசரம் எதில் இருக்கிறது

மீதி 22 ஜோடிக் குரோமோசோம்களில் இருக்கிறது. அந்த அம்மாள் எடுத்திருக்கும் சாதாரணப் பரிசோதனை இதைத்தான் பார்க்கிறது, ஆட்டோசோமல் என்பார்கள். அப்பா, அம்மா இரு வழியிலும் வந்தது கலந்து, தலைமுறைக்குத் தலைமுறை பாதியாகத் தேய்ந்துகொண்டே வரும். அதனால்தான் இதில் ஒரு தலைமுறை மூத்தவர் கிடைப்பது பெரிய விஷயம்.

பகிரும் அளவைச் சென்டிமார்கன் என்ற கணக்கில் சொல்வார்கள். உங்கள் பெரியப்பாவும் பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாய்மாமனும் அண்ணன் தம்பியின் பேரப்பிள்ளைகள். அந்த உறவில் சராசரியாக 230 சென்டிமார்கன் அளவு பொதுவாக இருக்கும். ஒன்றுமே இல்லாமல் போவது அநேகமாக நடக்காது. பெரியப்பாவுக்கும் உங்களுக்கு எழுதிய அம்மாளுக்கும் இடையில் சராசரி 120. உங்களுக்கும் அந்த அம்மாளுக்கும் என்றால் 70 சொச்சம். இந்த உறவில் பத்தில் ஒரு ஜோடிக்கு எதுவுமே பொதுவாகத் தென்படாது. மெய்யான உறவாக இருந்தும் "பொருத்தம் இல்லை" என்று வரக்கூடும். பெரியப்பாவும் அந்தத் தாய்மாமனும் இருக்கும்போதே மாதிரி எடுத்துவிட்டால் இந்தச் சந்தேகமே எழாது. இதன் விலை பிக் ஒய்யில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது. தள்ளுபடி நாட்களில் இன்னும் குறையும்.

ஒரு எச்சரிக்கை மட்டும் தேவை. நம் ஊரில் அக்கா மகளையும் மாமன் மகளையும் கட்டுவது தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. அதற்கும் மேலாக, ஒரே சமூகத்துக்குள்ளேயே மணமுடிக்கும் வழக்கம் இந்தியாவில் ஏறத்தாழ 1,900 ஆண்டுகளாக இறுகியிருக்கிறது என்பது 2013-இல் வெளிவந்த மரபணு ஆய்வின் கணக்கு. இதனால் ஒரே சமூகத்தைச் சேர்ந்த இரண்டு அந்நியர்களுக்கும் சின்னச் சின்னத் துண்டுகள் நிறையப் பொதுவாக இருக்கும். அவற்றைக் கூட்டிக் கம்பெனி "நெருங்கிய உறவு" என்று காட்டிவிடும். மேலைநாட்டுக் குடும்பங்களை வைத்துப் போட்ட கணக்கு அது. நீங்கள் மொத்தத் தொகையைப் பார்க்காதீர்கள்; மிக நீளமான துண்டு எவ்வளவு என்று பாருங்கள். 20, 30 சென்டிமார்கனுக்கு மேற்பட்ட துண்டுகள் இரண்டு மூன்று இருந்தால் அது பெரும்பாலும் நான்கைந்து தலைமுறைக்குள் வந்த உறவு. எல்லாமே 7, 8 அளவில் சிதறியிருந்தால் அது சமூகத்தின் பொதுச் சொத்து, உங்கள் கொள்ளுத்தாத்தாவின் தம்பிக்குச் சாட்சி ஆகாது.

டர்பன் அம்மாள் வேறு கம்பெனியில் எடுத்திருக்கிறார் என்கிறீர்கள். அங்கிருந்து அவருடைய மூலத் தரவுக் கோப்பை இறக்கி, நீங்கள் எடுக்கப்போகும் கம்பெனியில் ஏற்றச் சொல்லுங்கள். பிக் ஒய் நடத்துவது ஹூஸ்டனில் உள்ள ஃபேமிலிட்ரீடிஎன்ஏ. அங்கே ஃபேமிலி ஃபைண்டர் என்ற ஆட்டோசோமல் பரிசோதனையும் உண்டு, பிற கம்பெனிக் கோப்புகளையும் ஏற்கிறார்கள். 2023 கடைசியிலிருந்து ஃபேமிலி ஃபைண்டர் எடுக்கும் ஆண்களுக்கு ஒய் பிரிவு எது, அதாவது ஆண்வழி எந்தப் பெரும்பிரிவைச் சேர்ந்தது என்பதை ஓரளவுக்குக் கூடவே சொல்லிவிடுகிறார்கள். உங்களுக்கு இது பெரிய லாபம். பெரியப்பாவுக்கு "எல்" என்றும் அந்தத் தாய்மாமனுக்கு "ஆர்2" என்றும் வந்தால் ஆண்வழி ஒன்றில்லை என்பது அப்போதே தெரிந்துவிடும். பிக் ஒய் பணம் மிச்சம். இருவருக்கும் "எல்" என்று வந்தால் கதவு திறந்திருக்கிறது என்று மட்டும் அர்த்தம். அந்தப் பெரும்பிரிவின் பொது முன்னோர் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தியவர்.

பிக் ஒய் எப்போது

ஒய் பரிசோதனையில் இரண்டு வகை உண்டு. முதல் வகை எஸ்.டி.ஆர்.: குறிப்பிட்ட இடங்களில் ஒரு சின்ன எழுத்துத் தொடர் எத்தனை முறை திரும்ப வருகிறது என்று எண்ணுவது. ஒய்-37 என்றால் 37 இடம், ஒய்-111 என்றால் 111 இடம். இந்த எண்ணிக்கை கூடும், குறையும், சில சமயம் பழைய எண்ணுக்கே திரும்பியும் வரும். அதனால் ஆயிரம் ஆண்டுக்கு முன் பிரிந்த இரண்டு வழிகள்கூடத் தற்செயலாக ஒத்துப்போகலாம். இரண்டாவது வகை எஸ்.என்.பி.: ஓர் எழுத்து ஒரு முறை மாறினால் பெரும்பாலும் மாறியதுதான். அந்த மனிதனின் ஆண் சந்ததி முழுவதும் அந்த மாற்றத்தைச் சுமக்கும். பிக் ஒய்-700 ஒய்யில் படிக்கக்கூடிய பகுதியின் பெரும் பங்கை, ஒரு கோடி எழுத்துகளுக்கும் மேல், வரிசையாகப் படித்து இந்த மாற்றங்களைத் தேடுகிறது. ஒய்-111 எண்ணிக்கையும் அதற்குள்ளேயே வந்துவிடும். சராசரியாக ஒரு வழியில் 83 ஆண்டுக்கு ஒரு புது மாற்றம் தென்படும் என்பது அந்தப் பரிசோதனையின் கணக்கு.

உங்கள் குடும்பத்துக்கு இதைப் போட்டுப் பார்ப்போம். கொள்ளுத்தாத்தாவுக்கும் அவர் தம்பிக்கும் அப்பா 1845 வாக்கில் பிறந்தவர் என்று வைத்துக்கொண்டால், அவரிடமிருந்து உங்கள் வரைக்கும் ஏறத்தாழ 130 ஆண்டு, அந்தப் பக்கத்துப் பங்காளி வரைக்கும் அதே அளவு. மொத்தம் 260 ஆண்டுக்கு மூன்று மாற்றங்கள், இரு பக்கமும் சேர்த்து. ஒன்றுமில்லாமலும் இருக்கலாம், ஐந்தும் இருக்கலாம். ஒய்-37-இல் என்றால் பூஜ்யத்திலிருந்து இரண்டு வரை வித்தியாசம் எதிர்பார்க்கலாம். நான்கு வித்தியாசம் வரை கம்பெனி "பொருத்தம்" என்று பட்டியலிடும். ஆனால் மூன்று நான்கு என்று வந்தால் நீங்கள் கொண்டாட வேண்டாம்.

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். உங்கள் ஒய்யும் டர்பன் ஒய்யும் நன்றாகவே பொருந்துகின்றன என்று வையுங்கள். அதனால் கப்பலேறியவர் உங்கள் கொள்ளுத்தாத்தாவின் தம்பி என்று ஆகிவிடாது. உங்கள் குலதெய்வத்தைக் கும்பிடும் பங்காளி வகையறா எத்தனை தலைக்கட்டு? நாற்பது, ஐம்பது இருக்கலாம். பக்கத்து ஊர்களிலும் பரவியிருப்பார்கள். அத்தனை பேருக்கும் இதே ஒய்தான். அவர்களில் எந்த வீட்டிலிருந்தும் ஒருவர் 1898-இல் கப்பலேறியிருக்கலாம். இரண்டு பேரை மட்டும் ஒப்பிட்டால் "பங்காளி" என்பது தெரியும், "எந்த வீட்டுப் பங்காளி" என்பது தெரியாது.

அதைப் பிரித்துச் சொல்ல பிக் ஒய்யால் முடியும். ஆனால் மூன்றாவதாக ஓர் ஆள் வேண்டும். குலதெய்வக் கோயில் வரி எழுதும் நோட்டை எடுத்து, உங்கள் வீட்டிலிருந்து ஐந்தாறு தலைமுறைக்கு முன்பே பிரிந்துபோன கிளை எது என்று பாருங்கள். அந்தக் கிளையில் ஒருவரைச் சம்மதிக்க வையுங்கள். நீங்கள், டர்பன் பங்காளி, இந்தத் தூரத்துப் பங்காளி என்று மூன்று பேரும் பிக் ஒய் எடுத்து, உங்கள் இருவரிடம் இருக்கும் ஒரு மாற்றம் மூன்றாமவரிடம் இல்லை என்று வந்தால், நீங்கள் இருவரும் அந்தக் கிளை பிரிந்த பிறகு ஒரே வீட்டில் பிறந்தவர்களின் பிள்ளைகள். கப்பல் பட்டியலும் வீட்டுக் கதையும் அதனோடு சேர்ந்தால் விஷயம் முடிந்தது. மாறாக டர்பன்காரரும் மூன்றாமவரும் ஒரு பக்கம், நீங்கள் தனி என்று வந்தால், கப்பலேறியவர் அந்த வீட்டுப் பிள்ளை. அதுவும் ஒரு கண்டுபிடிப்புத்தான், உங்களுக்கு வருத்தமாக இருந்தாலும்.

எனவே பிக் ஒய்க்கு நேரம் வந்துவிட்டதா என்பதை இப்படிப் பாருங்கள்:

- டர்பன் பக்கத்தில் மகன் வழியாகவே வந்த ஓர் ஆண் கிடைத்து, அவரும் சம்மதிக்க வேண்டும்.
- ஃபேமிலி ஃபைண்டரில் ஒய் பிரிவு முரண்படாமல் இருக்க வேண்டும்.
- தூரத்துக் கிளையிலிருந்து மூன்றாவது ஆள் தயாராக இருக்க வேண்டும்.
- "எந்த வீடு" என்ற கேள்வி அதற்குப் பிறகும் மிச்சம் இருக்க வேண்டும்.

நான்காவதை அழுத்திச் சொல்கிறேன். பெரியப்பாவுக்கும் தாய்மாமனுக்கும் 200-க்கு மேல், நீளமான துண்டுகளோடு வந்துவிட்டால், கப்பல் பட்டியலில் இருக்கும் தகப்பன் பெயரும் சேர்ந்து உங்கள் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. அதற்கு மேல் பிக் ஒய் எடுப்பது ஆசைக்கு, தேவைக்கு அல்ல. அந்தப் பணத்தில் ஒருவர் டர்பனுக்கோ குடியாத்தத்துக்கோ வந்து போகும் செலவில் ஒரு பகுதியை ஈடுகட்டலாம். ஆட்டோசோமல் முடிவு குழப்பமாக, 50, 60 என்று நின்றால்தான் ஒய்யின் தேவை நிஜமாகவே வருகிறது. உறவுக்குள் மணம் முடித்த குழப்பம் ஒய்யைத் தொடாது.

ஒய்-37-ஐ நடுவில் எடுக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். பொருந்தவில்லை என்று சீக்கிரம் தெரிந்துகொள்ள அது நல்ல, மலிவான வழி. ஆனால் ஒய்-37, பிறகு ஒய்-111, பிறகு பிக் ஒய் என்று படிப்படியாக ஏறினால் மொத்தச் செலவு நேராகப் பிக் ஒய் எடுப்பதைவிடக் கூடிவிடும். ஃபேமிலி ஃபைண்டரில் ஒய் பிரிவு ஒத்துப்போன பிறகு 37-ஐத் தாண்டி நேராகப் போவதே உங்களுக்குச் சரி. ஏப்ரல் 25 டி.என்.ஏ. தினம், ஜூன் மாதத் தந்தையர் தினம், நவம்பர் கடைசி ஆகிய சமயங்களில் பெரும்பாலும் விலை குறைப்பார்கள்.

ஒரு விதிவிலக்கு. ஒரு வழியில் கடைசி ஆண் ஒருவர்தான் மிஞ்சியிருக்கிறார், அவருக்கும் மகன் இல்லை என்றால், எதற்கும் காத்திராமல் முதலிலேயே பிக் ஒய் எடுத்துவிட வேண்டும். டர்பன் பக்கத்தில் இரண்டு மகன்கள், உங்கள் பக்கத்தில் நீங்களும் அண்ணனும் இருக்கிறீர்கள்; அந்த நிலைமை உங்களுக்கு இல்லை.

யாரோடும் ஒப்பிடாமல் நீங்கள் மட்டும் எடுத்தால் என்ன கிடைக்கும்? ஒரு பிரிவின் பெயர், உங்களிடம் மட்டுமே இருக்கும் மாற்றங்களின் நீண்ட பட்டியல், அநேகமாகக் காலியான பொருத்தப் பக்கம். இங்கிருந்து எடுத்தவர்கள் குறைவு. மேலைநாட்டில் குடும்பப் பெயர் அப்பா வழியில் வருவதால் பெயரை வைத்தே பொருத்தத்தைப் படித்துவிடலாம், நமக்கு இனிஷியல்தான். உங்கள் கணக்கில் முன்னோர் ஊரும் தாலுகாவும் குலதெய்வமும் எழுதி வையுங்கள். பத்து வருடம் கழித்து மொரீஷியசிலிருந்தோ ஃபிஜியிலிருந்தோ தேடி வருபவருக்கு அதுதான் பிடிமானம்.

கப்பல் பட்டியலை எப்படி நம்புவது

1860 நவம்பரில் ட்ரூரோ கப்பல் மதராசிலிருந்து டர்பன் சேர்ந்ததில் தொடங்கி 1911 வரை 1,52,184 பேர் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். பெரும்பகுதி மதராஸ் மாகாணம், அதில் வட ஆற்காடு முன்வரிசை. பட்டியலில் ஊரையும் சாதியையும் குமாஸ்தா காதால் கேட்டு ஆங்கிலத்தில் எழுதினார். சாதிக் கட்டத்தில் தொழிலையோ பட்டத்தையோ பக்கத்தில் நின்றவர் சொன்னதையோ எழுதிவிடுவதும் உண்டு. வேலை கிடைக்க வேண்டும் என்று வேறு சாதி சொன்னவர்களும் உண்டு. ஆகவே அந்தக் கட்டம் உங்களோடு ஒத்துப்போகாததை மட்டும் வைத்துத் தள்ளிவிடாதீர்கள். தகப்பன் பெயருக்கும் உடலில் உள்ள அடையாளத்துக்கும் அதைவிட மதிப்பு அதிகம். பெரியவர்கள் யாராவது "நெற்றியில் தழும்பு" என்பது போல எதையாவது சொல்லியிருக்கிறார்களா என்று, பட்டியலைக் காட்டுவதற்கு முன்னால், கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று: 1911-இல் சித்தூர் மாவட்டம் பிரிவதற்கு முன் வட ஆற்காடு என்பது சித்தூர், பலமனேர் பக்கம் எல்லாம் சேர்ந்தது. உங்கள் பட்டியலில் குடியாத்தம் தாலுகா என்று தெளிவாக இருப்பதால் அந்தக் கவலை குறைவு. ஆனால் சிதைந்த ஊர்ப் பெயரைத் தேடும்போது ஒரே பெயரில் இரண்டு மூன்று ஊர் இருக்கலாம் என்பதை மறக்க வேண்டாம். பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டில் உங்கள் கொள்ளுத்தாத்தாவின் அப்பா பெயரில் பட்டா இருக்கிறதா என்று பார்ப்பது பிக் ஒய்யைவிட மலிவு, அதைவிட முந்திச் செய்ய வேண்டியது.

சம்புவராயர், சாதி, நிலம்

அண்ணனிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். சம்புவராயரின் ஒய் எது என்று யாருக்கும் தெரியாது. ஒப்பிட ஒரு மாதிரி இல்லாதபோது எந்தப் பரிசோதனையும் அவரோடு உங்களை இணைக்க முடியாது. யாராவது இணைத்துக் காட்டினால் அது வியாபாரம்.

சாதியையும் ஒய் சொல்லாது. தமிழ்நாட்டில் 12 பழங்குடிச் சமூகங்களிலும் 19 பிற சமூகங்களிலும் 1,680 ஆண்களின் ஒய்யை ஆராய்ந்த முடிவுகள் 2012-இல் வெளிவந்தன. எச், எல், ஆர்1ஏ, ஆர்2, ஜே2, எஃப், சி என்ற பிரிவுகள் விகிதம் மாறி மாறிப் பல சமூகங்களிலும் கலந்தே கிடக்கின்றன. உங்கள் ஒய் எந்தப் பிரிவில் வந்தாலும், அதே பிரிவு மேல்தெருவிலும் கீழ்த்தெருவிலும் இருக்கும். இதைக் கேட்டு அண்ணனுக்கு ஏமாற்றமாக இருக்கலாம். எனக்கு இது இந்தத் துறை சொல்லும் மிக நல்ல செய்தியாகவே படுகிறது.

அம்மாவின் பயத்துக்கு: வம்சாவளிக் கம்பெனியின் பொருத்தப் பக்கம் மட்டும் எவருக்கும் நிலத்தில் உரிமை தராது. உரிமை என்பது வாரிசுச் சட்டம், பாகப்பிரிவினைப் பத்திரம், அனுபவம், காலவரையறை ஆகியவற்றால் தீர்வது. 125 வருடத்துக்கு முன் போனவரின் வழியில் வந்து கேட்பது எளிதல்ல. அப்படியும் மனம் ஆறவில்லை என்றால் பத்திரங்களோடு குடியாத்தத்திலேயே ஒரு சிவில் வழக்கறிஞரை ஒரு முறை பாருங்கள்.

இதைவிட நிஜமான ஆபத்து வீட்டுக்குள் இருக்கிறது. பெரியப்பாவும் நீங்களும் ஒரே ஒய் இல்லை என்றோ, தூரத்துப் பங்காளி பொருந்தவில்லை என்றோ வரலாம். சுவீகாரம், வீட்டோடு மாப்பிள்ளை எடுத்துப் பேரனுக்குப் பங்காளி உரிமை தந்தது, பஞ்சத்தில் அநாதையாக வந்த பிள்ளையை வளர்த்தது, யாரும் வெளியில் சொல்லாத வேறு காரணங்கள் என எதுவும் இருக்கலாம். சட்டம் இதில் தெளிவாகவே நிற்கிறது. முறையான திருமணம் நீடிக்கும்போது பிறந்த பிள்ளை அந்தத் தம்பதியின் பிள்ளை என்ற அனுமானம் 1872 சாட்சியச் சட்டத்தில் 112-ஆம் பிரிவாக இருந்தது, இப்போது 2023 பாரதிய சாக்ஷிய சட்டத்தில் 116-ஆம் பிரிவாகத் தொடர்கிறது. 1956 இந்துத் தத்தெடுப்புச் சட்டப்படி தத்துப் பிள்ளை எல்லா வகையிலும் பிள்ளையே. ஆனால் மனது சட்டம் படிப்பதில்லை. மாதிரி எடுப்பதற்கு முன்பே பங்குபெறும் எல்லோரையும் உட்கார வைத்து, "எதிர்பாராதது வந்தால் யாரிடம் சொல்வது, யாரிடம் சொல்லக்கூடாது" என்று பேசி முடியுங்கள். தூரத்துப் பங்காளிக்கும் இது பொருந்தும். அவரிடம் "கோயில் விஷயம்" என்று சொல்லிக் கன்னத்தைச் சுரண்டாதீர்கள்.

பெரியப்பாவின் சம்மதம் பற்றி: பக்கவாதத்தால் பேச்சு குழறினாலும் புரிதல் தெளிவாக இருக்கலாம். அவர் தெளிவாக இருக்கும் காலை வேளையில், அவருடைய பிள்ளைகள் முன்னிலையில், எதற்காக, எங்கே போகிறது, யார் பார்ப்பார்கள் என்று சொல்லிக் கேளுங்கள். தலையசைப்பு போதும். முகத்தைத் திருப்பிக்கொண்டால் அது மறுப்பு, அதோடு விட்டுவிடுங்கள். அப்படியானால் அவருடைய மகனிடமும் உங்களிடமும் மாதிரி எடுக்கலாம். துல்லியம் குறையும், வழி அடைபடாது.

கன்ன மாதிரி எடுக்கும்போது

எச்சில் துப்பும் குப்பிக் கம்பெனிகளைத் தவிருங்கள். சில மில்லிலிட்டர் எச்சில் தேவைப்படும். படுக்கையில் இருப்பவருக்கு வாய் உலர்ந்திருக்கும், நுரைதான் வரும். ஃபேமிலிட்ரீடிஎன்ஏ தருவது கன்னத்தில் தேய்க்கும் குச்சி.

சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழியட்டும். வெற்றிலை, புகையிலை பழக்கம் இருந்தால் அன்று காலையிலிருந்தே வேண்டாம். பல்செட்டைக் கழற்றி, வெறும் தண்ணீரில் வாய் கொப்பளிக்க வையுங்கள். கொப்பளிக்க முடியாவிட்டால் ஈரத் துணியால் உட்கன்னத்தைத் துடைத்து அரை மணி விடுங்கள். பிறகு குச்சியின் நுனியைக் கைபடாமல் எடுத்து, கன்னத்தின் உட்பக்கத்தில் ஒரு நிமிடம் அழுத்தித் தேயுங்கள். எச்சிலை ஒற்றி எடுப்பது போதாது, தோல் செல்கள் உரிந்து வர வேண்டும். இரண்டாவது குச்சி மறு கன்னத்துக்கு. நுனியைக் குப்பித் திரவத்தில் போட்டு மூடியை இறுக்குங்கள். பெரியப்பாவின் மாதிரியையும் உங்கள் மாதிரியையும் ஒரே நாளில் எடுக்காதீர்கள். குப்பி மாறிப்போவது சின்னத் தவறு, கண்டுபிடிக்க மாதக்கணக்காகும். கத்திரி வெயிலில் வண்டிக்குள் வைத்துவிட்டுப் போகவும் கூடாது.

அனுப்புவதற்கு முன் வேலூரில் கூரியர் அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். மனித மாதிரியை வெளிநாட்டுக்கு ஏற்க எல்லா நிறுவனமும் ஒத்துக்கொள்வதில்லை. தொற்று இல்லாத கன்ன மாதிரி, சொந்த உபயோகத்துக்கு என்ற உறுதிமொழிக் கடிதம் கேட்பார்கள். ஏற்பார்களா என்று தெரிந்துகொண்ட பிறகு பணம் கட்டுங்கள்.

கணக்கு தொடங்கும்போது பெரியப்பாவுக்குத் தனிக் கணக்கு வேண்டும். அவருக்குப் பிறகு யார் அதைப் பார்ப்பது என்று குறிக்கும் பகுதி இருக்கிறது, அன்றே நிரப்புங்கள். குற்றவியல் விசாரணைக்காக ஒப்பிட அனுமதிக்கும் தேர்வும் அமைப்புகளில் இருக்கும். வேண்டாம் என்றால் அணைத்துவிடலாம். மிச்ச மாதிரியை அவர்கள் பாதுகாப்பார்கள், பின்னால் அதிலிருந்தே வேறு பரிசோதனை கேட்கலாம். ஆனால் பழைய மாதிரியில் பிக் ஒய்க்குப் போதுமான டி.என்.ஏ. இல்லாமல் போவது உண்டு. அதற்கும் சேர்த்துத்தான் ஒய்யை உங்களிடமிருந்து எடுக்கச் சொல்கிறேன்.

குடும்பத்தில் பக்கவாதம் பரம்பரையா என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். இந்தப் பரிசோதனைகள் எதுவும் அதற்குப் பதில் சொல்லாது. அந்தக் கேள்வியோடு சி.எம்.சி.யில் பெரியப்பாவைப் பார்க்கும் மருத்துவரிடம் போங்கள். தேவைப்பட்டால் அங்கேயே மரபியல் பிரிவுக்கு அனுப்புவார்கள்.

இன்று இரவே டர்பனுக்கு எழுதுங்கள். தம்பியைப் பிக் ஒய் எடுக்க வேண்டாம் என்று நிறுத்தச் சொல்லுங்கள். காரணத்தையும் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அவர்கள் மனம் நோகும். அந்த அம்மாளின் மூலக் கோப்பை ஏற்றச் சொல்லுங்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்க் மாமாவுக்கு ஒரு ஃபேமிலி ஃபைண்டர் எடுத்துத் தர முடியுமா என்று கேளுங்கள். இங்கே பெரியப்பாவுடையதை நீங்கள் எடுத்துவிடுங்கள். இரண்டு முடிவும் வந்த பிறகு, பகிர்ந்த மொத்தம், நீளமான துண்டு, இருவரின் ஒய் பிரிவு ஆகிய மூன்றையும் குறித்து மறுபடி எழுதுங்கள். மூன்றாவது பங்காளியைத் தேட வேண்டுமா என்பதை அப்போது சொல்கிறேன்.